விரல் நுனிக்கு அவசரம் வேண்டாம்

மகளைப் பாலே வகுப்பில் சேர்த்திருக்கிறீர்களா? என் மகளும் பயில்கிறாள். விரல் நுனியில் நிற்கும் காலணிக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். ஏழெட்டு வயதில் பாத எலும்புகள் முற்றியிருக்காது. 12 வயதை ஒட்டி, கணுக்கால் வலுவானதும் ஆசிரியையே சொல்லட்டும்.

குழுவுக்கு ஆள் எடுக்கும் நாள் நெருங்கினால் சில பிள்ளைகள் சோற்றைக் குறைப்பார்கள். மாதவிலக்கு தடைப்பட்டால், ஆடிய அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள், எலும்பு நலியும். டாக்டரிடம் காட்டுங்கள்.

சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் 1973 முதல் நடக்கும் பாலே போட்டியில்கூட உடல்நல விவரம் கேட்கிறார்கள். வீடு திரும்பும் மகளிடம், “எடுத்தார்களா?” என்பதற்குமுன் “பசியாறினாயா?” என்று கேளுங்கள். மேடை இன்னொரு நாளும் கிடைக்கும்.