சீமைப் பீரும் நம்மூர்ப் பதநீரும்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் போய்க் குடியேறிய நம் பிள்ளைகள் சிலருக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு பிடித்துக்கொண்டிருக்கிறது. தோட்டம் போடுவதில்லை, தபால்தலை சேர்ப்பதில்லை. சமையலறையில் பீர் காய்ச்சுகிறார்கள்! "சிவ சிவா!" என்று காதைப் பொத்திக்கொள்ள வேண்டாம். அங்கே அது குற்றமல்ல. வீட்டுச் செலவுக்குக் காய்ச்ச லைசென்ஸ் வேண்டியதில்லை என்று இங்கிலாந்தில் 1963-லேயே விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் 1978-ல் சட்டம் செய்து இடம் கொடுத்தார்கள்.

எப்படிக் காய்ச்சுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதில் பாவம் ஒன்றுமில்லையே? பார்லியை நனைத்து முளை கட்டி, உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் ஊறப் போட்டால் தித்திப்பான சாறு இறங்கும். ஹார்லிக்ஸ் குடித்தவர்களுக்கு அந்த வாசனை புதிதல்ல. அந்தச் சாற்றைச் சுண்டவைத்துத் தேன் பதத்தில் டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். 'மால்ட் எக்ஸ்ட்ராக்ட்' என்பது அதுதான். பத்தொன்பது லிட்டர் பீருக்கு ஏறக்குறைய மூன்று கிலோ பாகு வேண்டும். அதைத் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, 'ஹாப்' என்கிற கொடியின் காய்ந்த பூவைப் போடுகிறார்கள். ஆரம்பத்தில் போட்டால் கசப்பு. இறக்கும் சமயத்தில் போட்டால் வாசனை. சிலர் ஒரே ஜாதி ஹாப்பை மட்டும் போடுவார்கள். வேறு சாமான் சேர்க்காமல் மிளகு ரசம் வைத்தால்தானே மிளகின் குணம் தெரியும்? அந்த நியாயந்தான். பிறகு ஆறவைத்து, ஈஸ்ட் தூவி, இருபது டிகிரிச் சூட்டில் இரண்டு வாரம் வைத்திருக்க வேண்டும்.

சித்திரை மாதத்து மதுரையில் இருபது டிகிரிக்கு எங்கே போவது? அது கிடக்கட்டும். 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் நம் ராஜ்யத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் மது காய்ச்சினால் போலீஸ்காரர் வாசலில் வந்து நிற்பார். ஆகையால் யாரும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்.

பின்னே எதற்காக இந்தப் புராணம் என்கிறீர்களா? அந்த ஹாப் பூவுக்காகச் சொன்னேன். அது ருசிக்கு மட்டும் வந்ததல்ல, காவலுக்கு வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் பௌ பகுதியிலிருந்த ஹாட்ஜ்சன் என்பவரின் சாலையிலிருந்து இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்களுக்குப் பீப்பாய் பீப்பாயாகப் 'பேல் ஏல்' வந்தது. பிறகு பர்ட்டன் நகரத்துக்காரர்கள் அந்த வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வர மாதக்கணக்கில் ஆகும். வெயிலில் சரக்குப் புளித்துவிடாமல் இருக்க ஹாப்பைக் கூடுதலாகப் போட்டார்கள். அந்தக் கசப்புத்தான் மதராஸ் கரைவரை பீப்பாயைக் காத்தது.

நம் பக்கத்துச் சீமையில் ஹாப்புக்குப் பதில் சுண்ணாம்பு!

பனை மரத்தில் யாரும் ஈஸ்ட் தூவுவதில்லை. அது காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் தானாகவே குடியிருக்கிறது. ரொட்டிக் கடைக்காரரும் பீர் காய்ச்சுகிறவரும் காசு கொடுத்து வாங்குகிற அதே ஜாதி ஈஸ்ட்டும் அதில் உண்டு. பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை. விட்டுவைக்குமா? சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். இன்னும் விட்டால் காடியாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசிவிட்டால் சாற்றில் காரம் ஏறி, ஈஸ்ட் அடங்கிக் கிடக்கிறது. அப்போது இறங்குவது பதநீர்.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! மேலூர்ப் பக்கமோ திருமங்கலத்துப் பக்கமோ ஒரு பனையடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஐம்பது அறுபது அடி உயரம். காலில் ஒரு நார்வளையம், இடுப்பில் அரிவாள் பெட்டி, நெஞ்சு தேயாமலிருக்க ஒரு தோல் துண்டு. அவ்வளவுதான் பனையேறியின் பந்தோபஸ்து. தினம் இரண்டு தடவையாவது ஏறிப் பாளையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஒரு நாள் தவறினால் பாளை அடைத்துக்கொள்ளும். கலயத்தைக் கழுவிப் புதிதாகச் சுண்ணாம்பு பூச வேண்டும். குறைந்தால் புளித்துப் போகும். கூடினால் குடிப்பவர் நாக்கு வெந்துபோகும். இதற்குத் தராசு கிடையாது, விரல்தான் கணக்கு.

அந்த விரல் கணக்கில் ருசி மட்டுமா இருக்கிறது? 1987-லிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, பதநீருக்குத் தடையில்லை. அதே மரம், அதே மனிதர், அதே கலயம். சுண்ணாம்பு இருந்தால் தொழில், இல்லாவிட்டால் குற்றம். இத்தனைக்கும் சர்க்கார் கடையிலேயே புட்டியில் அடைத்த பீர் கிடைக்கிறது. தேனியைத் தாண்டிக் குமுளி இறங்கினால் கேரளத்தில் கள்ளுக்கடையே இருக்கிறது. கள் வேண்டும் என்று வாதாட நான் வரவில்லை. குடியினால் கெட்ட குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் மரத்துக்கு மரம் உயிரைப் பணயம் வைத்து ஏறுகிற மனிதர் ஒருவிரல் சுண்ணாம்புக்குப் பயந்து வாழ வேண்டியிருப்பதை நினைத்தால் மனசு சங்கடப்படத்தான் செய்கிறது.

மிஞ்சின பதநீரை என்ன செய்கிறார்கள்? சீமைக்காரர் பார்லிச் சாற்றைச் சுண்டவைக்கிற மாதிரி அகன்ற பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குகிறார்கள். சொல்லப் போனால், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்பது பார்லிக் கருப்பட்டி! இந்தக் கருப்பட்டியின் அருமையை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னவர் ஜே.சி. குமரப்பா. காந்திஜியோடு கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய அவர் கடைசிக் காலத்தில் நம் மதுரை ஜில்லா டி. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் தங்கியிருந்தார். கரும்புக்கு நல்ல நஞ்சையும் தண்ணீரும் வேண்டும். பனையோ ஒன்றுக்கும் உதவாத தரிசில் தண்ணீர் கேட்காமல் நிற்கிறது. சர்க்கரையைப் பனையிடம் வாங்கிக்கொண்டு நஞ்சையில் தானியம் போடுங்கள் என்பது அவருடைய கட்சி. அவர் 1960-ல் காலமானார். கட்சி மட்டும் இன்றைக்கும் பழசாகவில்லை.

சரி, வெயில் காலத்தில் ரோட்டோரத்தில் பதநீர் வாங்குகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. காலையிலேயே வாங்குங்கள். புளிப்பு வாசனையோ ஓரத்தில் நுரையோ இருந்தால் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். ஒரே தித்திப்பாக இருந்து, தொண்டையில் இறங்கிய பிறகும் அந்தத் தித்திப்பு விடாமல் நின்றால் சாக்கரின் கலந்த தண்ணீரோ என்று சந்தேகப்படலாம். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அரைமணி நேரம் ஆடாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும். தெளிவை மட்டும் இறுத்துக்கொண்டு நுங்கையோ மாங்காய்த் துண்டையோ போட்டுச் சாப்பிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் மிஞ்சிவிடும் போல இருந்தால் காத்திராமல் பச்சரிசியும் கொஞ்சம் பாசிப்பருப்பும் களைந்து போட்டு அதிலேயே பொங்கிவிடுங்கள். வெல்லம் வேண்டியதில்லை, ஏலக்காய் இரண்டு தட்டிப் போட்டால் போதும்.