யந்திர நகரம்

பேசும் படங்கள் வந்த பிறகு மௌனப் படங்களைப் பழைய பஞ்சாங்கமென்று ஒதுக்குவோர் பலர். அவர்கள் “மெட்ரோபோலிஸ்” என்னும் ஜெர்மானியப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்லட்டும். ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய இப்படம் 1927-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி பெர்லினில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. கதையெழுதியவர் அவர் மனைவியாரான தேயா ஃபான் ஹார்பு அம்மையார்.

வானளாவிய மாளிகைகளில் செல்வர்கள், பூமிக்கடியில் தொழிலாளிகள். ஆரம்பத்தில் வேலைமுறை மாறும் காட்சியொன்று வருகிறது. தலை கவிழ்ந்தவண்ணம் ஒரு கூட்டம் உள்ளே போகிறது. அதனினும் தளர்ந்த நடையில் மற்றொன்று வெளியே வருகிறது. பத்து மேடைப் பிரசங்கங்கள் உணர்த்த மாட்டாததை அந்த நடை உணர்த்திவிடுகிறது. அங்குள்ள கடிகாரத்தில் பத்தே எண்கள்; பத்து மணி வேலைக்கென்றே வகுத்த கடிகாரம்! களைத்து விழும் தொழிலாளியின் இடத்தில் முதலாளி மகன் ஃபிரெடர் நின்று, சிலுவையில் அறையுண்டவன்போல் யந்திர முட்களைப் பற்றித் துடிக்கும் காட்சி நம் மனத்தைவிட்டு அகலவில்லை. மரியா என்னும் உத்தமியாகவும், அவள் உருவில் சமைத்த யந்திரப் பெண்ணாகவும் பிரிகிட் ஹெல்ம் நடித்திருக்கிறார். எவள் பெண், எவள் யந்திரம் என்பதை ஒரு கண் சிமிட்டலில் காட்டிவிடுகிறார்.

யந்திரம் பெருகினால் இத்தகைய அடிமை உழைப்புக்கு இடமேது என்று வாதித்து, 1927-ல் ஆங்கில ஆசிரியர் எச். ஜி. வெல்ஸ் இப்படத்தைக் கடுமையாகத் தாக்கினார். ஆலை வாசலில் சங்கு ஊதும் வேளையில் நின்று பார்த்தவர் எவரும் அவ்வாதத்தை ஒப்புக்கொள்ளார்.

நமது ஆட்சேபம் வேறு. முடிவில் முதலாளியும் தொழிலாளர் தலைவனும், ஃபிரெடர் மத்தியஸ்தம் செய்யக் கைகுலுக்குகிறார்கள். வேலை நேரம் குறைந்ததா? கூலி உயர்ந்ததா? ஒரு ஷரத்தும் இல்லை! வக்கீல் தொழில் பழகிய நமக்கு இந்த ராஜிநாமா சற்றும் திருப்தியளிக்கவில்லை. இம்முடிவில் தமக்கே பிற்காலத்தில் உடன்பாடில்லையென்று லாங் கூறியிருக்கிறார்.

ஆனால், குற்றமனைத்தையும் படைத்தவர்மீது சுமத்துவது நியாயமன்று. வெளியான சில மாதங்களுக்குள்ளாகவே வியாபாரிகள் படத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை வெட்டியெறிந்தனர். ஹெல் என்ற இறந்துபோன பெண்ணின் கதையும் அதனோடு போயிற்று. அவள் பொருட்டன்றோ விஞ்ஞானி ரோட்வாங் முதலாளிமீது பகை கொண்டதும், யந்திரப் பெண்ணைச் சமைத்ததும்! காரணத்தை நீக்கிவிட்டுக் கதையில் காரணமில்லையென்று குறை கூறுவது என்ன நீதி?

வெட்டுண்ட பகுதிகளில் பெரும்பாலானவை 2008-ல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரத்துத் திரைப்படக் காட்சிசாலையில் அகப்பட்டன. அவற்றைச் சேர்த்துச் செப்பனிட்ட படம் 2010 பிப்ரவரியில் பெர்லினில் திரையிடப்பட்டது. சேர்த்த இடங்களில் மழை பெய்வதுபோல் கோடுகள் ஓடுகின்றன. அவை நமக்கு உறுத்தவில்லை. ரோட்வாங்கும் முதலாளியும் கைகலக்கும் கட்டம் இன்னும் படத்தில் இல்லை. அவ்விடத்தில் எழுத்துக்களைப் படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.