அமிர்த மகால் காவல்கள்: கவனிப்பார் உண்டா?

பெங்களூரிலிருந்து ஹூப்ளி ரயிலில் போகிறவர்கள் பீரூரைத் தாண்டியதும் அஜ்ஜம்பூர் ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். கர்நாடக அரசின் அமிர்த மகால் மாட்டுப் பண்ணை அந்த ஊரில்தான் இருக்கிறது.

மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காலத்தில் 'வெண்ணெய்ச் சாவடி'யாக இருந்ததற்கு 'அமிர்த மகால்' என்று பெயர் மாற்றியவர் திப்பு சுல்தான். பெயரில் அமிர்தம் இருந்தாலும் இந்த மாடுகள் பாலுக்குப் பேர் போனவை அல்ல, பீரங்கி இழுத்தவை. 1781-ல் ஹைதர் அலியின் படை சிதம்பரத்தைக் காக்க இரண்டரை நாளில் நூறு மைல் கடந்தது இவற்றின் பலத்தில்தான் என்கின்றன வரலாற்று நூல்கள்.

இந்த மந்தைகளுக்கென்று ஒதுக்கிய புல்வெளிகளே 'காவல்'கள். வெயில் காலத்துக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என்று பிரித்து மேய்த்தார்கள். ஒரு காவல் மேயப்படும்போது மற்றதில் புல் தழைக்கும். ஒரு காலத்தில் நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் இருந்த காவல்களில் இன்று மிஞ்சியிருப்பது சொற்பமே. ஆக்கிரமிப்பில் போனது ஒரு பங்கு. அரசே எடுத்துக் கொடுத்தது ஒரு பங்கு. சல்லக்கெரே பகுதியில் மட்டும் 2010-ஐ ஒட்டி சுமார் பத்தாயிரம் ஏக்கர், விஞ்ஞான, ராணுவ ஆராய்ச்சி நிறுவனங்களுக்குப் போயிற்று. ஆராய்ச்சி வேண்டியதுதான். ஆனால் மாடு எங்கே மேயும்?

டிராக்டர் வந்த பிறகு, அதிகம் கறக்காத மாட்டுக்கு ஏன் செலவு என்று கேட்கிறார்கள். இது புதிய கேள்வி அல்ல. 1860-ல் வெள்ளைக்கார அரசாங்கமும் சிக்கனம் என்று சொல்லி மந்தைகளை விற்றுத் தீர்த்தது. நல்ல இழுவை மாடு கிடைக்காமல் திண்டாடி, 1866-ல் திரும்பவும் பண்ணையைத் தொடங்கியது! அன்று கிராமங்களில் இந்த ரக மாடுகள் மீதி இருந்தன. இனி ஒரு முறை அழிந்தால் எங்கே போய்த் தேடுவது?

புதுக் கட்டடமும் திறப்பு விழாவும் வேண்டியதில்லை. மீதியுள்ள காவல்களை அளந்து எல்லைக்கல் நட வேண்டும். 'தரிசு' என்று சொல்லித் தைல மரம் வைப்பதை நிறுத்த வேண்டும். முட்புதரை வெட்டி, குட்டைகளைத் தூர் வார வேண்டும். சுற்றுக் கிராமத்தாரின் ஆடு மாடுகளையும் முறை வைத்து மேய விடலாம். முள்கம்பி போட்டு அவர்களை விரட்டினால் காவலைக் காக்க ஆளிருக்காது. பொலிகாளைகளைத் தாலுகாவுக்குத் தாலுகா கொடுக்க வேண்டும். அஜ்ஜம்பூர்க் கன்றுகள் ஏலத்துக்கு வந்தால் விவசாயிகள் இன்றும் நல்ல விலை கொடுத்து எடுக்கிறார்கள். அந்த வருமானத்தைக் காவல்களுக்கே செலவிட மாநில அரசு உத்தரவிடட்டும்.