அக்கிக்குக் காவி மருந்தாகாது

விலாவில் தோல் சிவந்து கொப்புளம் கண்டால், காரைக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் முதலில் எழும் பேச்சு, “அக்கி கண்டிருக்கு, வேளார் வீட்டுக்குப் போய் எழுதிட்டு வா” என்பதுதான். குயவரான வேளார், குழைத்த காவியை இறகால் தொட்டுக் கொப்புளத்தின்மேல் மூன்று நாள் எழுதுவார். அய்யனார் கோயில் புரவி எடுப்புக்கு மண்குதிரை செய்து தரும் அந்தக் கைகள்மீது ஊருக்கு இருக்கும் மதிப்பு நியாயமானது. ஆனால் அக்கியைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கும் ஐந்து விஷயங்கள் தவறானவை. பலருடைய தூக்கத்தையும் சிலருடைய பார்வையையும் பறிப்பவை.

“உடம்புச் சூடுதான் காரணம்.”

இல்லை. சின்னம்மையை உண்டாக்கும் அதே வைரஸ்தான் காரணம். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் அது உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் ஒடுங்கிக் கிடக்கிறது. வயது ஐம்பதைத் தாண்டினாலோ, சர்க்கரை நோய், புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்பு சக்தி குறைந்தாலோ கிளம்பி, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவராக இருந்த ஹோப்-சிம்ப்சன் 1965இல் இதை விளக்கினார். சூடு காரணமென்றால் உடம்பெங்கும் கொப்புளிக்க வேண்டும். அக்கியோ பெரும்பாலும் ஒரே பக்கத்தில் பட்டையாக ஓடி, உடலின் நடுக்கோட்டில் நின்றுவிடுகிறது. அந்த நரம்பின் எல்லை அதுவரைதான்.

“காவி எழுதினால் வற்றிவிடும்.”

வற்றுவது உண்மை, வற்றவைப்பது காவி அல்ல. எதிர்ப்பு சக்தி நன்றாக இருந்தால் கொப்புளங்கள் ஏழு முதல் பத்து நாளில் தாமாகவே பொருக்குத் தட்டும். இரும்புச் சத்துள்ள செம்மண்ணான காவி, ஈரம் இருக்கும்வரை குளிர்ச்சி தரும்; நரம்புக்குள் இருக்கும் வைரஸை எட்டாது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் வைக்கலாம். சிவந்த தோலின்மேல் செங்காவி காய்ந்திருக்கும்போது, சிவப்பு பரவுகிறதா என்பது வீட்டாருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. கொப்புள நீரில் பட்ட இறகை அதே கிண்ணத்தில் தோய்த்து அடுத்தவருக்கு எழுதுவதும் தவறு. அம்மை கண்டிராத கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் அந்த நீரிலிருந்து சின்னம்மை தொற்றலாம்.

“இதற்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது.”

1980களிலிருந்தே இருக்கிறது. அதன் பெயர் அசைக்ளோவிர். அதை உருவாக்கிய ஆய்வில் முன்நின்ற கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசு பெற்றார். பெரியவர்களுக்கு வழக்கமாக 800 மில்லிகிராம் மாத்திரை, நாளுக்கு 5 வேளை, 7 நாள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும் என்பதால் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். சிவந்து கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். வேளார் வீட்டுக்கு நடக்கும் மூன்று நாளும் அந்த 72 மணி நேரமும் ஒன்றே. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு தவணைத் தடுப்பூசியும் 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது.

“சிவப்புதானே, கடையில் ஒரு களிம்பு வாங்கிப் போடு.”

அக்கி, படர்தாமரை, ஒவ்வாமை, தோலுக்கடியில் பரவும் சீழ்த்தொற்று எல்லாமே சிவப்பாகத்தான் தொடங்கும். கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது சிவப்பை மறைக்கும், கிருமியை வளர்க்கும். படர்தாமரை இன்று தீராத தொல்லையாகிவிட்டதில் இந்தக் களிம்புகளுக்குப் பெரும் பங்குண்டு. 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது அதனால்தான்.

“கொப்புளம் ஆறினால் தீர்ந்தது.”

பலருக்குத் தீரும். வயதானவர்களில் சிலருக்குத் தோல் ஆறிய பிறகும் நரம்பு எரிச்சல் மாதக் கணக்கில் நீடிக்கும்; மேல்துண்டு உரசினாலே துடிப்பார்கள். அதற்கும் மருந்து உண்டு, பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. மூக்கு நுனியிலோ கண்ணருகிலோ கொப்புளம் கண்டால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தாமதித்தால் பார்வை போகலாம்.

வேளார் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சொல்லுக்கு ஊர் கட்டுப்படும். அக்கி என்று வருகிறவரிடம், “முதலில் காரைக்குடி பெரியாஸ்பத்திரிக்குப் போங்க” என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு சொல் நீங்கள் எழுதும் காவியைவிடப் பெரிய உதவி.