விழுந்த விமானமும் விழுந்த சகோதரனும்

தியானப் பகுதி: கலாத்தியர் 6:1-5



கடந்த ஆண்டு ஊழியத்தின் நிமித்தம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திற்குச் சென்றிருந்தேன். நான் தங்கியிருந்த வீட்டின் சகோதரர், ஒரு சனிக்கிழமை காலை, மாதிரி விமானங்களைப் பறக்கவிடும் திடலுக்கு என்னை அழைத்துச் சென்றார். அவர் கொண்டுவந்தது குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் அன்று. பைப்பர் கப் என்னும் புகழ்பெற்ற மஞ்சள் விமானத்தின் கால் அளவு மாதிரி அது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஏறக்குறைய 9 அடி. பால்சா என்னும் இலகுவான மரத்தைக் கொண்டு, இரண்டு குளிர்காலங்கள் செலவிட்டு, அவரே கட்டியது.

மூன்றாம் சுற்றில் அது விழுந்தது. விமானம் நம்மைவிட்டு விலகிச் செல்லும்போது, இடப்பக்கம் தள்ளிய விசை அதை நம் இடப்பக்கமே திருப்பும். நம்மை நோக்கி வரும்போதோ அதே விசை நம் வலப்பக்கமாகத் திருப்பும். தாழ்வாக வருகையில் ஒரு நொடி குழம்பினால் போதும். அவர் காற்றையோ கருவியையோ குறைகூறவில்லை. "என் விரல்தான் தவறியது, ஐயா" என்றார்.

திடலிலிருந்த மற்றவர்கள் நகைக்கவில்லை. வரிசையாகப் புல்லில் நடந்து, சிறு சிம்புகளையும் பொறுக்கி ஒரு கறுப்புப் பையில் சேர்த்தார்கள். உடைந்த விளிம்புதான் எந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்பதைக் காட்டும் என்று ஒருவர் எனக்கு விளக்கினார்.

அடுத்த மூன்று மாலைகள் அவருடைய கார் கொட்டகையில் அமர்ந்து பழுதுபார்ப்பதைக் கவனித்தேன். சேதமின்றித் தோன்றிய இடங்களிலும் மேலுறையை உரித்துப் பார்த்தார். எஞ்சினைத் தாங்கும் பலகையில் மயிரிழை போன்ற விரிசல் ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு மேலே புது உறை ஒட்டியிருந்தால் விமானம் அழகாகவே காட்சியளித்திருக்கும்; வானத்தில் எஞ்சின் பிய்ந்து போயிருக்கும். முறிந்த சட்டங்களை முனைக்கு முனை ஒட்டாமல், இரு பக்கமும் நீளச் சாய்வாகச் சீவி, பசை பற்றும் பரப்பை மிகுதியாக்கி இணைத்தார். வாற்பகுதியிலோ பசையை அளந்தே இட்டார். அங்கே சிறிது பாரம் கூடினாலும் எடைச்சமநிலை பின்னோக்கி நகரும். வால் கனத்த விமானம் கைக்கு அடங்காது.

பிரியமானவர்களே, பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது, குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தத்தோடு சீர்ப்படுத்தும்படி கூறுகிறார். அங்கே அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'கட்டார்டிட்சோ'. மத்தேயு 4:21இல் செபெதேயுவின் குமாரர் வலைகளைப் பழுதுபார்த்ததற்கும் இதே வினைச்சொல்தான். விழுந்து எழுப்பப்பட்ட பேதுருவும் தன் முதல் நிருபத்தின் இறுதி அதிகாரத்தில், தேவன் தம்முடைய ஜனத்திற்குச் செய்யப்போவதைச் சொல்ல இதையே எடுத்தாளுகிறார். இது தீர்ப்பு வழங்கும் மன்றத்தின் சொல் அன்று. வேலை செய்யும் கரங்களின் சொல்.

நம் சபைகளோ இந்த வேலையைச் செய்வதில்லை என்பது என் உறுதியான கருத்து. நாம் இரண்டு குறுக்குவழிகளையே அறிந்திருக்கிறோம். விழுந்தவன் எளியவனாயின் குப்பையில் எறிகிறோம். செல்வாக்குள்ளவனாயின் விரிசலின்மேல் புது உறை ஒட்டி, அடுத்த ஞாயிறே மேடையில் அமர்த்துகிறோம். முன்னதை ஒழுங்கு என்கிறோம். பின்னதைக் கிருபை என்கிறோம். இரண்டும் சோம்பலே.

இதை உங்கள்மேல் குற்றம் சுமத்தும்படி எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த ஒரு சபையில், காணிக்கைக் கணக்கைக் கவனித்த சகோதரர் ஒருவர் பணத்தைத் தம் சொந்தத் தேவைக்கு எடுத்துவிட்டார். மன்னிப்புக் கடிதம் வாங்கினோம், சபைமுன் வாசித்தோம், பொறுப்பிலிருந்து நீக்கினோம். நீக்கியது சரியே. ஆனால் அதன்பின் அவர் வீட்டுக் கதவை நான் தட்டவே இல்லை. ஏன் எடுத்தார், எந்தக் கடன் அவரை நெருக்கியது, அவருடைய பிள்ளைகள் பள்ளியில் எப்படித் தலைநிமிர்ந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் குடும்பம் இன்று எந்தச் சபைக்கும் செல்வதில்லை. அவர் விழுந்தது அவருடைய தவறு. துண்டுகளைப் பொறுக்காமற்போனது என்னுடைய தவறு.

அப்படியானால் எல்லாரையும் பழைய இடத்திலேயே அமர்த்தவேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. விழுந்த விமானத்திலிருந்த லித்தியம் மின்கலம் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தது. எனினும் அடிபட்ட மின்கலம் பின்னொரு வேளையில் தீப்பற்றக்கூடும் என்று, சகோதரர் அதை வீட்டுக்கு வெளியே வைத்து அப்புறப்படுத்தினார். சிறுவரிடம் தவறாக நடந்தவருக்கு ஓய்வுநாள் பள்ளியை மறுபடியும் ஒப்புவிப்பது இரக்கமன்று. பலவீனருக்கு இழைக்கும் துரோகம். மனிதனை எறியலாகாது, சில பொறுப்புகளைத் திரும்பக் கொடுக்கவும் கூடாது. மேலுறையை உரித்துப் பார்க்கிறவர்களுக்கே இந்த வேறுபாடு விளங்கும்.

இரண்டு மாதங்களுக்குப்பின் அவர் தொலைபேசியில் அழைத்தார். விமானம் மீண்டும் பறந்தது. அந்த முதற்பறப்பில் அவர் தனித்திருக்கவில்லை. அனுபவமுள்ள ஒருவரின் கட்டுப்பாட்டுக் கருவியோடு தம் கருவியை இணைத்திருந்தார். கை தடுமாறினால் அருகில் நிற்பவர் உடனே பொறுப்பேற்கலாம். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கவுரையை நான் இறையியற் கல்லூரியிலும் கேட்டதில்லை.

இந்த வாரம் உங்களிடம் ஒன்றே கேட்கிறேன். நம் ஆலயத்தில் காலியாகிப்போன ஓர் இருக்கையை நினைத்துப் பாருங்கள். அதில் அமர்ந்திருந்தவரின் வீட்டுக்குச் செல்லுங்கள். புத்திமதி கொண்டுசெல்ல வேண்டாம், அமர்ந்து கேளுங்கள். நானும் அந்தச் சகோதரரின் முகவரியை விசாரித்து அறிந்திருக்கிறேன். வியாழக்கிழமை புறப்படுகிறேன். கதவு திறக்கும்படி எனக்காக ஜெபியுங்கள்.

ஜெபம்: எங்களைப் பழுதுபார்க்கிற பிதாவே, நாங்கள் எறிந்துவிட்டவர்களைத் தேடிச் செல்ல எங்களுக்குத் தாழ்மையையும், அவர்களோடு பொறுமையாய் அமர்ந்திருக்கச் சாந்தத்தையும் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.