அஞ்சு மாசத்துல தமிழ் படிச்ச பாதிரியாரும் அரபி படிக்கிற நானும்

"அரபி கத்துக்கப் போறேன், தினம் அரை மணி நேரம்"னு யாராவது சொன்னா எனக்குச் சிரிப்புதான் வருது. அரை மணி நேரம் சரி. அதுல என்னத்தைப் படிக்கப் போறீங்க, எதுக்குன்னு கேட்டா பதில் இருக்காது. "சரளமா பேசணும்"பாங்க. சரளம்ங்கிறது ஒரு இலக்கே இல்லைங்கிறது என் கட்சி. பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, ரிக்வயர்மென்ட் இல்லாம கோடு எழுத உட்கார்ற கதை.

ஒரு கணக்கு பாருங்க. அமெரிக்க வெளியுறவுத் துறையோட பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசுறவங்களுக்கு அரபி வேலைக்கு ஆகுற அளவு வர ஏறக்குறைய 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும்னு சொல்லுது. தினம் அரை மணின்னா 12 வருஷம்! டுவோலிங்கோவுல ஸ்ட்ரீக் விடாம காப்பாத்துற நண்பர்கள் கோவிச்சுக்கக் கூடாது :-)

இந்த விஷயத்துல எனக்கு வழிகாட்டி எங்க ஊர்க்காரர் ஒருத்தர். எங்க ஊர்னா புன்னைக்காயல், தாமிரபரணி கடல்ல விழுற இடம். அவர் பிறந்தது போர்ச்சுகல்ல, 1520-ல. பேர் ஹென்றிக் ஹென்றிக்கஸ். நம்ம ஆட்கள் வாயில அண்ட்ரிக் அடிகளார். 1546-ல கோவாவுக்கு வந்து, அடுத்த வருஷம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். 1600-ல சாகுற வரைக்கும், அம்பது வருஷத்துக்கு மேல, இந்தக் கடற்கரைதான் அவருக்கு வாழ்க்கை.

அவருக்கு முன்னாடி வந்த சவேரியார் கையாண்டது வேற முறை. ரெண்டு மொழியும் தெரிஞ்ச ஆட்களை வெச்சு ஜெபங்களைத் தமிழாக்கி, அப்படியே மனப்பாடம் பண்ணி, ஊர் ஊராப் போய்ச் சொன்னார். வேகமான முறைதான். ஆனா அதுல ஒரு வம்பு இருக்கு. விசுவாசப் பிரமாணத்துல 'விசுவசிக்கிறேன்'னு வர வேண்டிய இடத்துல 'வேணும்'னு இருந்துச்சு. 'நான் நம்புகிறேன்' போய் 'எனக்கு வேணும்' ஆயிடுச்சு! 1544-ல சவேரியாரே தன் கூட்டாளி மான்சிலாசுக்குக் கடிதம் எழுதி அதைத் திருத்தச் சொன்னார். இலக்கணம் தெரியாம மனப்பாடம் பண்ணினா பிழை எங்க இருக்குன்னே தெரியாது. வேற ஒருத்தர் சொல்லித்தான் தெரியும்.

அண்ட்ரிக் அடிகளாரும் முதல்ல திணறினவர்தான். 1548 அக்டோபர்ல வேம்பாற்றுலேர்ந்து ரோமுக்கு எழுதின கடிதத்துல அதை ஒளிக்காம சொல்றார். கொஞ்சம் படிச்சதும் மறந்து போச்சு, கஷ்டமா இருக்குன்னு விட்டுட்டார். அப்புறம் ஒரு வேகம் வந்து, அஞ்சு மாசம் உட்கார்ந்து படிச்சார். எப்படின்னு கவனிங்க. வார்த்தைப் பட்டியலை உருப்போடலை. லத்தீன் படிச்ச அனுபவத்தை வெச்சு, தானே ஒரு இலக்கணம் கட்டினார். வினைச்சொல் இறந்தகாலத்துல எப்படி மாறுது, எதிர்காலத்துல எப்படி, வேற்றுமை உருபு எங்க ஒட்டுது, வாக்கியத்துல எது முதல்ல வருது, இதெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதி வெச்சார். அந்த உழைப்புலேர்ந்து வந்த இலக்கணக் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்துல இன்னும் இருக்கு. லத்தீன் சட்டையைத் தமிழுக்கு மாட்டினா அங்கங்க கிழியத்தான் செய்யும், நம்ம எட்டு வேற்றுமையும் அதுக்குள்ள ஒழுங்கா அடங்காது. பரவாயில்லை, அவர் வேலைக்கு அது போதும்.

இன்னொண்ணும் செஞ்சார். கூட இருந்த சாமியார்களோட ஒரு ஒப்பந்தம்: தங்களுக்குள்ள தமிழ்லதான் பேசணும், போர்த்துகீசு வாயில வந்தா தண்டனை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

அவரோட இலக்கு சரளம் இல்லை. பாவசங்கீர்த்தனம் கேக்கணும், துபாசி இல்லாம பிரசங்கம் பண்ணணும், அவ்வளவுதான். (பாவத்தைச் சொல்றப்ப நடுவுல துபாசி உட்கார்ந்திருந்தா யார் வாயைத் திறப்பா?) வேலை முதல்ல, மொழி அதுக்குக் கருவி. அதுலேர்ந்து வளர்ந்ததுதான் 1578-ல கொல்லத்துல அச்சான 16 பக்கத் தம்பிரான் வணக்கமும், 1586-ல வந்த 600 பக்கத்துக்கு மேற்பட்ட அடியார் வரலாறும். தமிழ் எழுத்துல அச்சான முதல் புத்தகங்கள்! அச்சுக்குப் பணம் கொடுத்ததுல எங்க கடற்கரைப் பரதவருக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, அரபிக்கு வருவோம். எங்க ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டர்ல காயல்பட்டினம். தமிழையே அரபி எழுத்துல எழுதின அரபுத்தமிழ் வளர்ந்த ஊர்கள்ல அதுவும் ஒண்ணு. தமிழனுக்கு அரபி அந்நியம்னு சொன்னா அந்த ஊர்ல சிரிப்பாங்க. ஆனா இந்தக் கடற்கரையிலேர்ந்து வளைகுடாவுக்குப் போறவங்கள்ல எத்தனை பேருக்குத் தான் கையெழுத்துப் போடுற காகிதத்தை வாசிக்கத் தெரியும்? அமீரகத்துலயும் சவூதியிலயும் வேலை ஒப்பந்தம் ரெண்டு மொழியில இருந்து, ரெண்டுக்கும் வேறுபாடு வந்தா, அரபி வாசகம்தான் செல்லும். நீங்க படிச்ச ஆங்கிலப் பக்கம் அப்போ உதவாது. அதனால என் முதல் இலக்கை இப்படி வெச்சேன்: ஒரு பக்க ஒப்பந்தத்துல சம்பளம் எங்க இருக்கு, விடுமுறை எத்தனை நாள், எந்தத் தேதி வரைக்கும்னு விரலை வெச்சுக் காட்டணும். பேச்சு அப்புறம். பேச்சு அரபி நாட்டுக்கு நாடு மாறும், காகித அரபி எல்லா இடத்துலயும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

இலக்கு இப்படிச் சுருங்கினதும் படிப்பும் சுருங்குது. எழுத்து 28, அதுக்கு மூணு வாரம். அப்புறம் வேர்ச்சொல். அரபியில பெரும்பாலான சொல்லுக்கு மூணு மெய்யெழுத்துதான் வேர், அதை வெவ்வேறு அச்சுல ஊத்தினா புதுச் சொல் வரும். நம்ம ஆட்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா ஒரு டெம்ப்ளேட், மூணு பாராமீட்டர். இதுல வேடிக்கை, பாதி சாமான் ஏற்கனவே நம்ம வீட்டுலதான் கிடக்கு. தாசில்தார்ல இருக்கிற தாசிலும், வயல்ல வர்ற மகசூலும் ஒரே ஹ-ஸ-ல வேர்தான். ஒண்ணு வசூலிக்கிறது, மற்றது கிடைச்ச விளைச்சல். 'சட்டம் அமலுக்கு வந்தது'ங்கிறோமே, அந்த அமல்தான் அரபியில வேலை. ஒப்பந்தத்துல தொழிலாளியைக் குறிக்கிற 'ஆமில்' அதே வேர்லேர்ந்து வருது. பாக்கி, ஆஜர், ரத்து, வக்கீல், அசல், நகல்னு தாலுகா ஆபீஸ் வாசல்ல நின்னாலே அம்பது சொல் தேறும்.

அதனால நான் வாங்கின அரபிப் புத்தகத்தை ஓரமா வெச்சுட்டு ஒரு நோட்டு போட்டிருக்கேன். இடது பக்கம் வேர், வலது பக்கம் அதுலேர்ந்து ஒப்பந்தத்துல பார்த்த சொல். நாளுக்கு ஒரு வேர்தான், ஆனா ஒரு மணி நேரம். அஞ்சு மாசத்துல ஏறக்குறைய 130 வேர் வரும். ஞாயித்துக்கிழமை புதுசு கிடையாது, அன்னிக்குப் பழைய வேரையும் பார்த்துட்டு ஒரு முழுப் பக்கத்தை அகராதி இல்லாம வாசிக்கிறது. ஆபீஸ் ரிலீஸ் வாரம் வந்தா கணக்கு கொஞ்சம் உதைக்கும், அதுக்கு ரெண்டு வாரம் கூடுதலா ஒதுக்கியாச்சு.

அண்ட்ரிக் அடிகளாரோட தண்டனை விதியையும் சேர்த்தாச்சு. ரூம்ல கூட இருக்கிற காயல்பட்டினத்து நண்பன் மதரசாவுல ஓதினவன். ராத்திரி ஒன்பதரையிலேர்ந்து பத்து வரைக்கும் அரபி மட்டும்தான், தெரியலேன்னா வாயை மூடிக்கிட்டு இருக்கலாம், தமிழ் வந்தா டப்பாவுல பத்து ரூபா. இதுவரைக்கும் 340 சேர்ந்திருக்கு. நான் பாதி நேரம் வாயையே திறக்கிறதில்லைங்கிறதால அதுல முக்கால்வாசி அவன் காசு.