சலவைக்கல்லும் சவுக்கும்

கலைக்கு அரசியலில்லை, வர்க்கமில்லை, காலமுமில்லை எனச் சாதிப்போர் தம் கட்சிக்குச் சாட்சியாக உரோமாபுரியை அழைத்து வருவதுண்டு. பேரரசு மறைந்தது, அதன் அழகு மட்டும் நிலைத்தது என்பது அவர்தம் வாதம். கொலோசியத்தை வியந்து நிற்கையில் அதனை எழுப்பிய செல்வம் எங்கிருந்து வந்ததென்று எவரேனும் வினவினால், இரசனையற்ற கேள்வியென்று முகஞ் சுளிப்பர். நாம் அக்கேள்வியையே கேட்க விரும்புகின்றோம். அதற்குரிய விடையை உரோமர் தாமே கல்லில் வெட்டி வைத்துள்ளனர்.

உரோமக் கலை உரோமரோடு தொடங்கவில்லை. தைபர் நதிக்கு வடக்கே நகரங்களமைத்து வாழ்ந்த எத்துருஸ்கரே அவர்தம் முதலாசிரியர்களுள் முக்கியமானோர். கபித்தோல் குன்றின் யூப்பிட்டர் திருவுருவைச் சுடுமண்ணில் வனைந்தவன் வெயி நகரத்து வுல்கா என்று பிளினி குறித்துள்ளான். அதிகாரிகளின் முன்னே சுமந்து செல்லப்பட்ட கோடரி செருகிய தடிக்கட்டும் எத்துருஸ்கரிடம் பெற்றதே என உரோம மரபு ஒப்புக்கொள்கின்றது. ஆசிரியருக்கு மாணவர் அளித்த காணிக்கை யாது? கி.மு. 396இல் வெயி வீழ்ந்தது. கி.மு. 264இல் வொல்சினி அழிக்கப்பட்டது. 2,000 சிலைகளுக்கு ஆசைப்பட்டே அந்நகரைப் பிடித்தனரென உரோமரை வெறுத்த எழுத்தாளரொருவர் சாடியதையும் பிளினியே பதிந்துள்ளான். தொகை மிகையாயிருக்கலாம், கொள்ளை மிகையன்று.

புளோரன்ஸ் நூதனசாலையில் 'பேச்சாளன்' எனும் வெண்கலச் சிலையொன்று உண்டு. அவன் உடுத்த ஆடை உரோமருடையது. அவ்வாடையின் விளிம்பிற் பொறித்த எழுத்தோ எத்துருஸ்கம். ஓர் இனம் தன் மொழியை இழக்கும் வேளையை அச்சிலையிற் காண்கின்றோம். எத்துருஸ்கரின் சரித்திரத்தைப் பேரரசன் குளோடியஸ் 20 நூல்களாக எழுதினான், அவையும் அழிந்தன. எத்துருஸ்கப் பிரபுக்களும் அடிமைகளை வைத்திருந்தோரே. அவர்களை நாம் புனிதராக்க முனையவில்லை. வென்றவன் எடுத்துக்கொண்டதை அவனது மேதாவிலாசம் எனப் போற்றும் வழக்கத்தையே மறுக்கின்றோம்.

பேரரசின் காலத்துக்கு வருவோம். ஒகஸ்தஸ் இஸ்பானியாவிலும் கோலிலும் ஆதிக்கத்தை நிலைநாட்டித் திரும்பியதைப் போற்றிச் செனற் சபை எழுப்பிய 'சமாதான பீடம்' கி.மு. 9இல் அர்ப்பணிக்கப்பட்டது. கொடிகளும் கனிகளும் குழந்தைகளும் செதுக்கப்பட்ட அப்பீடம் நின்ற இடம், போர்த்தெய்வமான மார்ஸின் பெயர்பெற்ற திடல். கி.பி. 70இல் யெருசலேம் ஆலயம் எரிந்தது. அங்கு கவர்ந்த ஏழுகிளை விளக்கை ஊர்வலமாகச் சுமந்து செல்லும் காட்சியைத் தித்துஸின் வளைவில் இன்றுங் காணலாம். கொலோசியத்திற் கிடைத்த கல்லொன்றில் பழைய உலோக எழுத்துகளைப் பொருத்திய துளைகள் எஞ்சியிருந்தன. அவற்றைக்கொண்டு கெசா அல்போல்டி என்னும் அறிஞர் 1995இல் மீட்டுரைத்த வாசகம், அவ்வரங்கு போர்க்கொள்ளையாற் கட்டப்பட்டதென்கின்றது. திராஜனின் மன்றத்திலும் அவ்வாறே எழுதியிருந்ததாக அவுலுஸ் கெல்லியுஸ் கூறுகின்றான். அம்மன்றத்தில் கி.பி. 113இல் அர்ப்பணிக்கப்பட்ட தூணைச் சுற்றி ஏறத்தாழ 200 மீற்றர் நீளத்துக்குத் தாசிய மக்களின் தோல்வி செதுக்கப்பட்டுள்ளது. கொள்ளையடித்தவன் மறைக்கவில்லை, பெருமையோடு பறைசாற்றினான். மறைப்பவர் நம் காலத்து அழகியல்வாதிகளே.

இவையெல்லாம் பழங்கதையன்றோ என்பர். அன்று. எத்துருஸ்கரின் தடிக்கட்டையே முசோலினி தன் இயக்கத்தின் சின்னமாக்கினான். பாசிசம் என்ற பெயரும் அதிலிருந்தே பிறந்தது. கொலோசியம் வரை இராணுவ அணிவகுப்புக்கேற்ற நேர்வீதி அமைப்பதற்காக ஏழை மக்களின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. மக்கள் நகரின் புறத்தே தள்ளப்பட்டனர். 1932இல் திறந்த அவ்வீதிக்குப் 'பேரரசு வீதி' என்று பெயரிட்டான். எதியோப்பியாவைச் சூறையாடிய பின்னர், 1937இல் அக்சும் நகரத்துக் கற்றூணை உரோமுக்குக் கொண்டுவந்தான். அது 2005இலேயே தாய்மண் திரும்பியது. சமாதான பீடத்தின் துண்டுகளைப் பொருத்தி 1938இல் காட்சிக்கு வைத்தவனும் அவனே. உலகம் மறுவருடமே போரில் வீழ்ந்தது. உரோமின் அழகு அரசியலற்றதெனின், அந்த அரசியல்வாதிக்கு அதுவே ஏன் தேவைப்பட்டது?

அவ்வாறாயின் இக்கட்டடங்களை வெறுக்க வேண்டுமா? இல்லை. பாந்தியனின் குவிமாடம் ஏறத்தாழ 43 மீற்றர் அகலமுடையது. உள்ளே இரும்புக் கம்பி ஒன்றேனுமில்லை. சுண்ணாம்பையும் எரிமலைச் சாம்பலையும் குழைத்து, மேலே செல்லச் செல்ல இலேசான கற்களைச் சேர்த்து, 1,900 ஆண்டுகளாக நிலைக்கும்படி கொங்கிறீற்றை வார்த்தவை உழைப்பாளிகளின் கைகள். கட்டடத்தின் முகப்பிலோ அக்கிரிப்பா எனும் பிரபுவின் பெயர்! சாந்து குழைத்தவனின் பெயர் அங்கில்லை. நாம் வணங்குவது அந்தப் பெயரற்ற அறிவை.

ஆகவே, கலையை இரசிக்காதே என்று எவருக்கும் நாம் கட்டளையிடவில்லை. முழுமையாக இரசியுங்கள் என்றே கேட்கின்றோம். வளைவைக் காணும் கண், அதன் கீழே நடத்திச் செல்லப்பட்ட கைதியையும் காணட்டும். சலவைக்கல்லைப் புகழ்ந்து சவுக்கை மறைக்கும் விமர்சனம் கலைக்குச் செய்யும் தொண்டன்று. அடுத்த பேரரசனுக்குச் செய்யும் ஊழியமே.